முற்றத்தை மூடாத ஹோட்டலுக்கு மட்டும் சம்மதம் சொல்லுங்கள்

கேள்வி: மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. என் மாமனாரின் அப்பா 1936-ல் கட்டியது. இடம் ஐந்து சென்ட். தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், மேலே ஒரு மாடி. கணவர் காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டை 18 அறை பொட்டிக் ஹோட்டலாக (தனிப் பாணியில் நடக்கும் சிறிய ஹோட்டல்) மாற்ற, 15 வருடக் குத்தகைக்கு ஒரு நிறுவனம் கேட்கிறது. மாதம் 1,25,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. கொழுந்தனார் விற்றுவிடலாம் என்கிறார். அக்கம்பக்கத்தில், "லாட்ஜ் வந்தால் தெரு கெட்டுப்போகும்" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அம்மா, வீட்டை விற்க வேண்டாம். குத்தகைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் இந்த 18 அறைத் திட்டத்துக்கு இல்லை. வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர்களிடம் கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது. 1997-ல் அரசாணையாக வந்த கட்டுப்பாடு இது. உங்கள் வீடு அதற்குள்தான் வருகிறது. 9 மீட்டர் என்றால் தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும், அவ்வளவுதான். ஐந்து சென்ட் என்பது ஏறக்குறைய 2,180 சதுர அடி. முற்றத்தையும் சுற்றி விட வேண்டிய இடத்தையும் கழித்தால் ஒரு தளத்துக்கு 1,400 சதுர அடி தேறும். மூன்று தளத்துக்கு 4,200. அதில் படி, நடை, வரவேற்பு, சமையலறை, துணி வைக்கும் அறை, வேலை செய்பவர்கள் உட்கார ஓர் இடம் என்று ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். மிச்சம் 2,500 சொச்சம். குளியலறையோடு சேர்த்து ஓர் அறைக்கு 250 சதுர அடியாவது வேண்டும். ஆக, நெருக்கிப் பிடித்தாலும் பத்து அறை.

பதினெட்டு என்று அவர்கள் சொல்வதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது. முற்றத்தின் மேல் தளம் போட்டு மூடுவார்கள், இல்லையென்றால் உயரக் கட்டுப்பாட்டை மீறுவார்கள். உயரத்தை மீறினால் மாநகராட்சி நோட்டீஸ் இடத்தின் உரிமையாளரான உங்கள் பெயருக்கும் வரும். முற்றத்தை மூடினால், வெளியூர்க்காரர் எதைப் பார்க்க உங்கள் வீட்டைத் தேடி வருவாரோ அது போய்விடும். டவுன்ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் கட்டில், டிவி, ஏசி உள்ள அறைகளுக்குக் குறைவே இல்லை. அதே அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்து யாரும் சந்துக்குள் வர மாட்டார்கள்.

இந்த மாதிரி வீட்டை விரும்பி வருகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். புதுச்சேரியில் தமிழர் பகுதியில், பெருமாள் கோயில் வீதியில் ஒரு பழைய வீட்டை முற்றத்தோடு அப்படியே வைத்து 'மேசோன் பெருமாள்' என்று ஹோட்டலாக நடத்துகிறார்கள். காரைக்குடியில் 'பங்களா' என்ற ஹோட்டல் இருபது வருடங்களுக்கு மேலாக ஓடுகிறது. உங்கள் ஊரிலேயே கோச்சடையில் உள்ள ஹெரிடேஜ் மதுரை ஹோட்டலைப் போய்ப் பாருங்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் மதுரை கிளப்பாக வடிவமைத்த கட்டடம் அங்கே இருக்கிறது. பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்களை அதில் பயன்படுத்தினார். அவர் தேடி வாங்க வேண்டியிருந்த தூண்கள் உங்கள் வீட்டில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அதை நீங்கள் மதிப்போடு பேச வேண்டும்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950-க்கு முன் கட்டிய வீடுகளைப் பாரம்பரிய ஹோட்டல் வகையில் சேர்க்கிறது. குறைந்தது ஐந்து அறை இருந்தால் போதும். அந்தத் தகுதிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அவர்களுக்கு வேண்டியது உங்கள் வீடு இல்லை, அது நிற்கிற இடம்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். 1936 வீடு என்றால் மாடித்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்கு விட்டத்தின் மேல் சிறு செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டுவது. இதன் மேல் ஐந்தாறு குளியலறை வந்து தினமும் தண்ணீர் புழங்கினால், கசிவு முதலில் சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனையைத்தான் தின்னும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் சுவரும் உதிரும். குளியலறைகளை ஒரு பக்கமாகத் திரட்டி, தனி அஸ்திவாரத்தில் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை, நிறுவனம் அனுப்புகிறவராக இல்லாமல் நீங்களே பணம் கொடுத்து அழைத்து, வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய நிலையைத் தூண் தூணாகப் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

சந்துக்குள் தீயணைப்பு வண்டி வருமா? இரண்டாவது படி எங்கே? தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றை யார் வாங்குவது? இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். தூங்குகிற மனிதர்கள் இருக்கப்போகிற இடம் அம்மா, இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சரி, வாடகைக்கு வருவோம். ஒன்பது அறை, நாளுக்கு 4,500 ரூபாய், பத்துக்கு ஆறு நாள் நிரம்புகிறது என்று வைத்தால் மாதம் 7.3 லட்சம் வருமானம். அதில் 1.25 லட்சம் உங்களுக்கு என்பது நியாயமான தொகைதான். ஆனால் அதை அவர்கள் 18 அறைக் கணக்கில் சொன்னார்களா, ஒன்பதுக்கும் தருவார்களா என்று கேளுங்கள். கொஞ்சம் குறைத்தால்கூட நான் ஒப்புக்கொள்வேன். ஒப்புக்கொள்ளக் கூடாதது அந்த 5 சதவீத உயர்வு. அந்தக் கணக்கில் கடைசி மூன்று வருடத்தில் உங்களுக்கு மாதம் 1.52 லட்சம்தான் வரும். மூன்று வருடத்துக்கு 15 சதவீதம் என்றால் அதுவே 2.19 லட்சம் ஆகும். பதினைந்து வருடத்தில் அரிசி, மருந்து விலை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வாடகையில் பத்து சதவீதத்தை வருமான வரிக்காக (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடித்துத்தான் கையில் கொடுப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். உள்வாடகைக்கு விடவோ வீட்டைக் காட்டிக் கடன் வாங்கவோ கூடாது என்று அதில் இருக்கட்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வீட்டுக்காரர் விலக முடியாது என்று எழுதிவிடுகிறார்கள். பாதிச் சுவரை இடித்துப்போட்டுவிட்டு இரண்டாம் வருடம் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? வேலை முடியும்வரை தனியாக ஒரு முன்பணம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். மது விற்கும் உரிமம் கேட்பார்களா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரின் கவலைக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. பத்து அறைக்குள், பார் இல்லாமல், வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வருகிற ஹோட்டல் என்றால் அவர்கள் மனம் மாறலாம். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும் நாளில் கார் உள்ளே வராது, விருந்தினர் நடக்கத்தான் வேண்டும். அதை நிறுவனமும் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாகக் கொழுந்தனார். மாமனார் பெயரில் சொத்து இருந்து பாகப்பிரிவினை நடக்கவில்லை என்றால், அவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் குத்தகையும் செல்லாத நிலைக்குப் போகும். அவர் விற்கச் சொல்வது பணத் தேவையால் இருக்கலாம், கோபப்படாதீர்கள். வாடகையில் அவருடைய பங்கு மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மகனையும் ஊருக்கு வரவழைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். வக்கீலைப் பார்ப்பதும் நிறுவனத்தைக் கூப்பிடுவதும் அதற்கு அப்புறம் போதும்.