வெளிநாட்டு ரோபோ சத்திரசிகிச்சைப் பயிற்சி: முதலில் கேட்க வேண்டியது

வணக்கம் டொக்டர். கொழும்பில் எம்.டி. முடித்த நீங்கள், வெளிநாட்டுப் பயிற்சிக் காலத்தை ரோபோ மூலமான பெண்ணோயியல் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒதுக்கலாம், ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன், ரோபோவின் கருவிகளை இயக்கும் கன்சோலில் உங்களை உட்காரவிடுவார்களா, அல்லது பார்வையாளராகவே காலம் கழியுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரட்டைக் கன்சோல் உள்ள இடமென்றால், கை தடுமாறும் கணத்தில் ஆசிரியர் கருவிகளைத் தம் வசம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், கற்பவரைத் துணிந்து அமர்த்துவார்கள். தொடக்கத்தில் நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றுவதுதான் வேலை. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பழைய டாவின்சி சத்திரசிகிச்சை ரோபோக்களில் தொடுவுணர்வு கிடையாது. தையல் நூல் இறுகுவதைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும், சற்று அதிகம் இழுத்தால் அறுந்துவிடும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில்தான் உங்கள் ஆர்வமென்றால், வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையை, ரோபோ உட்படச் சிறுதுளை வழியாகச் செய்யும் முறைகளோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான எல்.ஏ.சி.சி. ஆய்வில் திறந்த சத்திரசிகிச்சை பெற்றவர்களின் உயிர்பிழைப்பே மேலாக இருந்ததால், திறந்த முறையையும் கற்பிக்கும் பிரிவாகப் பார்த்து விண்ணப்பியுங்கள்.