லெகோ பந்தயக் கார்: அளவை டயர்தான் சொல்ல வேண்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2022-க்குப் பிறகு வந்த ஃபார்முலா ஒன் கார் ஒன்றை லெகோ துண்டுகளில் நானே வடிவமைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1:12 என்று அளவு வைத்தேன். கையில் இருந்த 49.5 மி.மீ. டயரைப் போட்டேன். அளந்து அளந்துதான் கட்டினேன், ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்த்தால் பொம்மைக் கார் மாதிரி இருக்கிறது. மூக்குப் பகுதி படிக்கட்டு போல இறங்குகிறது. தூக்கினால் நடுவில் வளைகிறது. எங்கே தப்பு?"

மூன்று குறைகளில் முதலாவதுதான் பெரியது. அதைச் சரிசெய்யும்போது மற்ற இரண்டும் பாதி குறைந்துவிடும்.

2022 முதல் 2025 வரை இருந்த விதிகளின்படி வந்த காரின் டயர் விட்டம் 720 மி.மீ. அதை 12-ஆல் வகுத்தால் 60 மி.மீ. வர வேண்டும். நீங்கள் போட்டிருப்பது 49.5. அதாவது உங்கள் காரின் உடம்பு 1:12, சக்கரம் ஏறக்குறைய 1:14.5. நிஜக் காரில் 720 மி.மீ. சக்கரத்தைக் கழற்றிவிட்டு 594 மி.மீ. சக்கரம் மாட்டினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது உங்கள் மாடல். பந்தயக் காரில் கண் முதலில் போவது சக்கரத்துக்கு. உடம்புக்குள் மறையாமல் வெளியே நிற்பதால் அதன் அளவு கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், காரணம் சொல்லத் தெரியாது.

நாம் மாற்ற முடியாத ஒரே பாகம் டயர். உடம்பை எந்த அளவிலும் கட்டலாம், ஒரு ஸ்டட் (துண்டின் மேல் இருக்கும் குமிழ்) கூட்டலாம், குறைக்கலாம். ரப்பர் டயர் மட்டும் அச்சில் வார்த்து வந்த சில அளவுகளில்தான் கிடைக்கும். அதனால் அளவை முதலில் முடிவுசெய்துவிட்டு டயர் தேடுவது தலைகீழ் வேலை. டயரை எடுத்து மேசையில் வையுங்கள். நிஜ டயரின் விட்டத்தை அதன் விட்டத்தால் வகுங்கள். வருவதுதான் உங்கள் மாடலின் அளவு. முழு எண்ணாக வராவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் காருக்கு நான் எடுப்பது 43.2 × 22 டயர் (விட்டம் × அகலம், மி.மீ.). 720-ஐ 43.2-ஆல் வகுத்தால் 16.67. இப்போது இந்த அளவில் காரின் மற்ற எண்களைப் போட்டுப் பாருங்கள். அந்த விதி அனுமதித்த அதிகபட்ச வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 3600 மி.மீ. அது 216 மி.மீ. ஆகிறது. ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட் 8 மி.மீ. என்பதால் சரியாக 27 ஸ்டட். காரின் அதிகபட்ச அகலம் 2000 மி.மீ., அது 120 மி.மீ., அதாவது 15 ஸ்டட். இரண்டுமே பின்னம் இல்லாமல் விழுவது அபூர்வம். உங்கள் 1:12-இல் வீல்பேஸ் முப்பத்தேழரை ஸ்டட், அகலம் கிட்டத்தட்ட 20.8 ஸ்டட் வரும். ஒவ்வொரு இடத்திலும் அரை ஸ்டட்டோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள்.

டயரின் அகலத்தையும் பார்த்துவிடுவோம். நிஜத்தில் பின் டயர் 405 மி.மீ., முன் டயர் 305 மி.மீ. நம் அளவில் 24.3, 18.3. நம் டயர் 22, இரண்டுக்கும் நடுவில். நாலு பக்கமும் இதையே போடலாம். இன்னொன்று, ரிம். நிஜக் காரில் 18 அங்குல ரிம், அதாவது 457 மி.மீ.; டயர் விட்டத்தில் அறுபத்துமூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். 43.2 டயர் உட்காரும் ரிம் 30.4 மி.மீ., எழுபது சதவீதம். இவ்வளவு நெருக்கம் போதும். பெரிதாகக் கட்ட ஆசை என்றால் 68.8 × 36 டயரிலும் கணக்கு அழகாக வரும்: அகலம் 24 ஸ்டட், வீல்பேஸ் 43 ஸ்டட். ஆனால் அதன் ரிம் 56 மி.மீ. ரப்பர் ஒரு மெல்லிய வளையமாகத்தான் தெரியும், சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் சாயல் வந்துவிடும். ரிம்மின் முகத்தைக் கறுப்புத் துண்டுகளால் மூடினால் ஓரளவு மறையும். 2022 விதிப்படி வந்த நிஜக் கார்களிலும் சக்கர மூடி இருந்தது என்பதால் அது பொய்யும் ஆகாது. முதல் காருக்கு நான் சின்னதையே சொல்வேன்.

15 என்பது ஒற்றைப்படை என்பதைக் கவனியுங்கள். காரின் நடுக்கோடு ஒரு ஸ்டட்டின் மேல் ஓடும். அப்படியானால் மூக்கு, ஓட்டுநர் இருக்கை, எஞ்சின் மூடி, பின் இறக்கையின் தாங்கி எல்லாமே 1, 3, 5 என்று ஒற்றைப்படை அகலத்தில் இருக்க வேண்டும். எங்காவது 2 அல்லது 4 அகலத் துண்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் ஜம்பர் பிளேட் (நடுவில் ஒரே ஸ்டட் உள்ள மெல்லிய துண்டு) போட்டு அரை ஸ்டட் நகர்த்திக்கொள்ளுங்கள். இந்த முடிவை முதல் நாளே எடுக்காமல் பாதிக் கார் கட்டியபின் கண்டுபிடித்தால், பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நான் அப்படி இரண்டு கார்களைப் பிரித்திருக்கிறேன்.

மற்ற அளவுகளை எங்கே எடுப்பது? இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களை அப்படியே நம்பாதீர்கள். பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை எடுத்து டயரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 3600-ஐ 720-ஆல் வகுத்தால் 5. அதாவது இந்தக் கார்களில் வீல்பேஸ் என்பது ஏறக்குறைய ஐந்து டயர் நீளம். திரையில் டயரின் விட்டத்தை மேலிருந்து கீழாக அளந்து, அச்சுகளுக்கு நடுவே எத்தனை டயர் அடங்குகிறது என்று பாருங்கள். ஐந்துக்குப் பக்கத்தில் வந்தால் படம் நேராக எடுத்தது. நாலரைதான் வருகிறது என்றால் கேமரா சாய்வாக நின்றிருக்கிறது, அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். நேரான படம் கிடைத்ததும் எல்லாவற்றையும் டயர் கணக்கில் எழுதுங்கள். உதாரணமாக, ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் திறப்பின் உச்சி தரையிலிருந்து 1.3 டயர் உயரம் என்று வந்தால், 1.3 × 43.2 = 56 மி.மீ. ஒரு பிளேட்டின், அதாவது மெல்லிய தட்டைத் துண்டின், உயரம் 3.2 மி.மீ. என்பதால் பதினேழரை பிளேட். இப்படிப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் எடுத்தால் காரின் உருவம் கைக்குள் வந்துவிடும்.

பழைய கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அகலம் எல்லாக் காலத்திலும் 2000 அல்ல. 1993-இல்தான் 2150-இலிருந்து 2000-க்குக் குறைத்தார்கள், 1998-இல் 1800 ஆக்கினார்கள், 2017-இல் மறுபடி 2000. ரிம்மும் 2021 வரை 13 அங்குலம்தான், ஆகவே ரப்பர் தடிமனாகத் தெரியும் டயர்கள் வேண்டும். ஆறு சக்கர டிரெல் பி34 மாதிரி முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு அளவில் இருக்கும் காருக்குப் பின் டயரை வைத்து அளவு எடுங்கள்.

சரி, மூக்குக்கு வருவோம். படிக்கட்டு வருவதற்குக் காரணம், எல்லா ஸ்டட்டும் மேல்நோக்கி இருக்கும்படி கட்டுவது. ஒவ்வொரு பிளேட் இறங்கும்போதும் 3.2 மி.மீ. படி விழும்; நம் அளவில் அது நிஜக் காரில் 53 மி.மீ. பக்கவாட்டில் குறுகும்போது இன்னும் மோசம், ஒரு ஸ்டட் என்றால் 133 மி.மீ. எந்தப் பந்தயக் காரின் மூக்கிலும் அப்படி ஒரு படி கிடையாது.

இதற்குத் தீர்வு ஸ்டட்டைப் பக்கவாட்டில் திருப்புவது. அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: ஐந்து பிளேட் உயரம் இரண்டு ஸ்டட் அகலத்துக்குச் சமம், இரண்டும் 16 மி.மீ. 1995-இல் ஜேம்ஸ் ஜெசிமன் உருவாக்கிய, லெகோ மாடல்களைக் கணினியில் வரையும் எல்டிரா மென்பொருளின் அலகு 0.4 மி.மீ.; அதில் ஸ்டட் இடைவெளி 20, பிளேட் உயரம் 8. ஐந்து எட்டு நாற்பது, இரண்டு இருபது நாற்பது. இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் திருப்பிக் கட்டுவது பயமுறுத்தாது. பிராக்கெட் என்னும் எல் வடிவத் துண்டின் மடிந்த சுவர் அரை பிளேட் தடிமன், 1.6 மி.மீ. அதன் மேல் ஒரு பிளேட், ஒரு டைல் (மேலே ஸ்டட் இல்லாத பிளேட்) வைத்தால் இரண்டரை பிளேட், 8 மி.மீ., சரியாக ஒரு ஸ்டட். காரின் பக்கத் தகடுகள் இடைவெளி இல்லாமல் பொருந்துவது இந்தக் கணக்கால்தான்.

மூக்கை இப்படிக் கட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு ஸ்டட் அகலத்தில் ஒரு முதுகெலும்பு, இரு பக்கமும் ஸ்டட் உள்ள பிரிக்குகளால். அதன் இடது பக்கமும் வலது பக்கமும் நான்கு ஸ்டட் நீள வளைவு ஸ்லோப்புகளை, அதாவது மேல்பக்கம் வளைந்து சரியும் துண்டுகளை, படுக்கவைத்துப் பொருத்துங்கள், தாழ்ந்த முனை காரின் முன்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் மூக்கு வழுக்கிக்கொண்டு குறுகும், விரலால் தடவினால் எங்கும் தட்டாது. உடம்போடு சேரும் இடத்தில் அகலம் 5-இலிருந்து 3 ஆக வேண்டும். அங்கே 2 × 4 வெட்ஜ் பிளேட் (ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய பிளேட்) இடம் ஒன்று, வலம் ஒன்று போதும். நான்கு ஸ்டட் நீளத்தில் ஒரு ஸ்டட் குறையும், 14 டிகிரி சாய்வு. வேகமாகக் குறுக வேண்டும் என்றால் 2 × 3 வெட்ஜ், 18 டிகிரி. அப்புறம் முழு மூக்கையும் தனிப் பாகமாக வைத்து, கிளிப்பும் பாரும் (கவ்வியும் கம்பியும்) கொண்டு உடம்போடு மாட்டுங்கள். சில டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்கலாம். பக்கவாட்டில் தெரியும் அந்த மெல்லிய இறக்கத்தை எந்த ஸ்லோப்பாலும் கொண்டுவர முடியாது, சாய்த்து மாட்டினால் மட்டுமே வரும். என்னைக் கேட்டால் ஒரு ஃபார்முலா ஒன் மாடலின் உயிரே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

நடுவில் வளைவது அடித்தளக் குறை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது மூட்டுக்கு மேல் மூட்டு வரவிடமாட்டார். அதே விதிதான் தரைப் பிளேட்டுகளுக்கும்: கீழ் அடுக்கில் பிளேட் முடியும் இடத்தில் மேல் அடுக்குப் பிளேட்டின் நடுப்பகுதி வர வேண்டும். அதோடு இரு பக்கமும் நீளவாட்டில் துளையுள்ள டெக்னிக் பிரிக்குகளை ஓடவிடுங்கள். ஒரு வரி (மூன்று பிளேட் உயரம்), அதன் மேல் இரண்டு பிளேட், அதன் மேல் இன்னொரு வரி. இரண்டு வரித் துளைகளுக்கும் நடுவே ஐந்து பிளேட், 16 மி.மீ. மூன்று துளை பீம் (துளையுள்ள சட்டம்) ஒன்றைச் செங்குத்தாக வைத்து இணைப்பு ஆணிகளைச் செருகினால் முதல் துளையும் மூன்றாம் துளையும் சரியாகப் பொருந்தும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னும் பின்னும் இப்படிப் பூட்டுங்கள். அங்கேதான் உடம்பு திறந்திருக்கிறது, அங்கேதான் வளையும். இது கட்டமைப்பின் உயரத்தில் 8 பிளேட் எடுத்துக்கொள்ளும், பக்கக் காற்றுப் பெட்டிகளுக்குள் மறைந்துவிடும்.

கணினியில் வடிவமைப்பவர் என்றால், மென்பொருளில் புவியீர்ப்பு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். திரையில் அந்தரத்தில் நின்ற என் எஞ்சின் மூடி ஒன்று கையில் எடுத்ததும் நாலாக உதிர்ந்தது. மூக்கையும் பின் இறக்கையையும் மட்டுமாவது முதலில் கையில் இருக்கும் துண்டுகளால், நிறம் பார்க்காமல், கட்டிப் பாருங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, வெட்ஜ் பிளேட்டின் இடமும் வலமும், வளைவு ஸ்லோப்பும் நீங்கள் விரும்பும் நிறத்தில் கிடைக்கிறதா என்று வடிவமைப்புக்கு முன்பே பாருங்கள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்றால் கவலை குறைவு.

இப்போது இருக்கும் உடம்பை உடனே கலைக்க வேண்டாம். 43.2 டயர் நான்கு வாங்கி, இரண்டு அச்சில் மாட்டி, 27 ஸ்டட் தள்ளி, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 15 ஸ்டட் இருக்கும்படி மேசையில் நிறுத்துங்கள். நடுவே ஒரு வெற்றுப் பிளேட் போதும். குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் அந்தப் புகைப்படத்தை வைத்துப் பாருங்கள். உடம்பே இல்லாத அந்த நாலு சக்கரத்தில் கார் தெரிந்தால், முன் அச்சிலிருந்து கட்ட ஆரம்பிக்கலாம்.