விடிவதற்குள் நின்றுவிடும் வெப்பநிலைப் பதிவு

கேள்வி: நீலகிரியின் கேத்தியில் மலைக்காய்கறி பயிரிடுகிறேன். உறைபனி விழும் நேரத்தை அறிய, ஆர்டுயினோ ஊனோ என்னும் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரையும் மெமரி கார்டையும் இணைத்து, 5 நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்கிறேன். வீட்டில் கணினியுடன் இணைத்து ஓட்டி, கோப்பை மூடும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் பதிவாகியிருக்கிறது. 9 வோல்ட் சதுர பேட்டரியுடன் இரவில் தோட்டத்தில் வைத்தால், காலையில் பலகை அணைந்திருக்கிறது. கோப்பின் அளவோ 0 பைட். மூன்று கார்டுகள் மாற்றியும் பயனில்லை.

பதில்: இனியும் கார்டு வாங்க வேண்டாம். வீட்டில் பதிவு சரியாக அமைவதே கார்டின் மீது குறையில்லை என்பதற்குப் போதிய சான்று.

நிரல் எழுதும் ஒவ்வொரு வரியும் உடனே கார்டுக்குப் போவதில்லை. பலகையின் நினைவகத்தில் 512 பைட் சேர்ந்த பிறகே போகிறது. அப்படிப் போன பிறகும், கோப்பின் நீளம் எவ்வளவு என்னும் குறிப்பு, கோப்பை மூடும்போதோ, சேர்ந்திருப்பதை உடனே கார்டில் எழுதச் சொல்லும் ஃப்ளஷ் (flush) கட்டளை இடும்போதோ மட்டுமே கார்டில் திருத்தப்படுகிறது. பொத்தானை அழுத்த ஆளில்லாத இரவில் மின்சாரம் நின்றுவிட்டால், அளவீடுகள் கார்டில் இருந்தாலும் நீளம் 0 என்றே நிற்கும். ஆகவே ஒவ்வொரு வரியை எழுதியதும் ஃப்ளஷ் கட்டளையைச் சேருங்கள். நாளுக்கு 288 முறை எழுதுவதால் கார்டு தேய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இதனால் அளவீடுகள் தப்பும்; பலகை அணைவது நிற்காது. எழுதும் கணங்களில் கார்டு 100 மில்லிஆம்பியர் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் இழுக்கும். சதுர பேட்டரியின் உள்மின்தடை இயல்பாகவே அதிகம், குளிரில் இன்னும் கூடும். உள்மின்தடை கூடினால், கார்டு இழுக்கும் கணத்தில் மின்னழுத்தம் சரியும். எனவே உங்களுக்கு மிகவும் வேண்டிய அந்தப் பின்னிரவு நேரத்தில்தான் அது கைவிடுகிறது. ஆறு ஏஏ பேட்டரிகளைத் தொடராக இணைத்துப் பயன்படுத்துங்கள். (பவர் பேங்க் வேண்டாம், இழுக்கும் மின்னோட்டம் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.) கார்டைச் செருகும் தொகுதியில் தனி மின்னழுத்தச் சீராக்கி (வோல்டேஜ் ரெகுலேட்டர்) இருந்தால் அதை 5 வோல்ட் முனையில் இணையுங்கள், ஊனோவின் 3.3 வோல்ட் முனை 50 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது.

நிரல் தொடங்கும் இடத்தில் 'தொடக்கம்' என்று ஒரு வரி எழுதச் செய்வதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அந்தச் சொல் கோப்பின் நடுவில் மீண்டும் வந்தால், இரவில் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுபடி தொடங்கியிருக்கிறது என்று அறியலாம். உறைபனி இரவில் 85 டிகிரி என்று பதிவாகியிருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் கிடைத்ததும், முதல் அளவீடு முடியும் வரை அது வைத்திருக்கும் எண் அதுவே. மைனஸ் 127 என்றிருந்தால் சென்சாரின் கம்பி இணைப்பைப் பாருங்கள்.

காலையில் பெட்டியை வீட்டிற்குள் கொண்டுவந்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த பலகையின் மேல் அறையின் ஈரம் நீராகப் படியும். பெட்டி அறையின் வெப்பத்திற்கு வந்த பிறகு கார்டை எடுங்கள்.