ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் மூளையைப் பாதுகாக்கும் என்றால், அதைத் தடுக்கும் லோசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை மூளைக்குக் கெடுதலா?

இல்லை. லோசார்டான் ஆஞ்சியோடென்சினையே தடுப்பதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் ஏற்பிகளில் (செல்லின் மேலுள்ள, பூட்டு போன்ற புரதங்கள்) ஒன்றைத்தான் அடைக்கிறது.

கல்லீரலில் உருவாகும் ஒரு புரதத்தைச் சிறுநீரகத்து ரெனின் நொதி வெட்டினால் 10 அமினோ அமிலத் துண்டு கிடைக்கும். அதன் வாலிலிருந்து இரண்டை ஏசிஇ நொதி நறுக்கியதும் மிஞ்சுகிற 8தான் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தத்தில் ஓடுவது மூளைக்குள் எளிதில் நுழையாது. ஆனால் அந்த மூலப்புரதத்தை மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களும் தயாரிக்கின்றன.

ஆஞ்சியோடென்சின் 2 ஏடி1 ஏற்பியில் ஒட்டினால் ரத்தக்குழாய் சுருங்கும், தாகம் எடுக்கும், அழற்சி கூடும். ஏடி2 ஏற்பியின் வேலை பெரும்பாலும் இதற்கு நேரெதிர். எலிக்குச் செயற்கையாகப் பக்கவாதம் உண்டாக்கி ஏடி2வைத் தூண்டினால், மூளையில் செத்துப்போகும் பகுதி சிறிதாகிறது. நீங்கள் படித்த 'பாதுகாப்பு' இதுவாகத்தான் இருக்கும்.

லோசார்டான் அடைப்பது ஏடி1ஐ. அப்போது சிறுநீரகம் இன்னும் ரெனினைக் கொட்டும், ஆஞ்சியோடென்சின் 2 ஏறும், திறந்தே இருக்கும் ஏடி2வில் போய் ஒட்டும். ராமிபிரில் வகை மாத்திரைகள் ஏசிஇயைத் தடுத்து உற்பத்தியிலேயே கை வைப்பதால் இப்படி நடப்பதில்லை.

மனிதர்களிடம்? 2002இல் வெளியான லைஃப் ஆய்வில் 9,193 பேர். ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தும், அட்டெனலால் என்ற வேறு வகை அழுத்த மாத்திரையைவிட லோசார்டான் குழுவில் பக்கவாதம் 25% குறைவு. இதை ஏடி2வின் வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். அட்டெனலாலே பக்கவாதத் தடுப்பில் கொஞ்சம் சுமார். 2008இன் ஆன்டார்கெட் ஆய்வில் லோசார்டான் வகையைச் சேர்ந்த டெல்மிசார்டானுக்கும் ராமிபிரிலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கவாதம் வந்த 30 மணி நேரத்துக்குள் அதே வகை கேண்டசார்டான் கொடுத்துப் பார்த்த ஸ்காஸ்ட் ஆய்வும் (2011) பலன் தரவில்லை. மூளை வீங்கி நிற்கும் நேரத்தில் அழுத்தத்தை இறக்கினால் தப்பிக்கக்கூடிய செல்களுக்கும் ரத்தம் குறையலாம்.

ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். 'இரட்டைப் பாதுகாப்பு' என்று ராமிபிரிலையும் சேர்த்து விழுங்கவும் வேண்டாம். ஆன்டார்கெட்டில் டெல்மிசார்டானையும் ராமிபிரிலையும் சேர்த்தவர்களுக்குச் சிறுநீரகத் தொல்லைதான் கூடியது. கர்ப்பத்தில் இந்த இரண்டு வகையுமே கூடாது. தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு), பொட்டாசியம் பாருங்கள். கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். சிறுநீரகம் பலவீனமானவர் இந்த மாத்திரையோடு அந்த உப்பையும் சேர்த்தால் பொட்டாசியம் சத்தமில்லாமல் ஏறி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.