பெராக்சைடுக்கு அசையாத குருத்தெலும்புச் செல்கள்: முதலில் மீடியத்தைப் பாருங்கள்

ஒரே அளவு ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் போன வாரம் செத்த குருத்தெலும்புச் செல்கள், புது மீடியம் (செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவம்) வந்தபின் அசையவே இல்லை, சாகவில்லை என்கிறீர்கள். செல்களைக் குறை சொல்லுமுன் மீடியம் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சோடியம் பைருவேட் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பைருவேட் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அசிடேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீராக மாற்றிவிடும். செல்லுக்குப் போய்ச் சேர மிச்சம் இருக்காது. மீடியத்தில் சேர்க்கும் சீரமும் (இரத்தத்தின் தெளிநீர்) பெராக்சைடைக் கொஞ்சம் தின்னும். பைருவேட், சீரம் இரண்டும் இல்லாமல் ஒருமுறை செய்யுங்கள். செல் அடர்த்தியையும் மாற்றாதீர்கள். நெருக்கமாக வளர்ந்தால் அவையே பெராக்சைடைச் சிதைத்துவிடும்.

அப்புறம், அளவைக் கண்டபடி ஏற்றாதீர்கள், தயவுசெய்து. அதிகமானால் அப்போப்டோசிஸ் (செல் தானே ஒழுங்காக இறப்பது) நடக்காமல் நெக்ரோசிஸில் (செல் சிதைந்து உடைந்து சாவது) போய் முடியும். செல் இறந்த விதத்தைக் காட்டும் அனெக்சின், புரோப்பிடியம் அயோடைடு இரண்டும் சேர்த்துச் சாயமிட்டால் வித்தியாசம் தெரியும்.