ராகி டப்பாவில் மாத்திரை அட்டைகள்

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் இருக்கும் அப்பாவுக்கு வயது 63. எட்டு வருடமாகச் சுகர். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் குறையவில்லை. போன வாரம் ராகி டப்பாவில் பிரிக்காத அட்டைகள் கிடைத்தன. கேட்டால், "கிட்னி போயிடும்னு வீடியோல சொன்னான்" என்கிறார். வீட்டுக்கு வரும் அரசு மாத்திரையில் பவர் இல்லையோ? இனி இன்சுலின்தானா? லீவு போட்டு, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விழுங்க வைக்கப் போகிறேன்.
(வாசகி, ஓசூர்)

பதில்: விழுங்க வைக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் சுகரை இறக்கும் மாத்திரையான கிளிமிபிரைடு 1 மி.கி.யில் ஆரம்பித்து 4 மி.கி. வரை ஏறியிருக்கிறது. சாப்பிட்டும் குறையவில்லை என்று நம்பித்தான் மருத்துவர் கூட்டியிருக்கிறார். சாப்பிடாதவருக்கு ஏறிய அளவு அது. நாளையிலிருந்து அதை அப்படியே கொடுத்தால் சுகர் கிடுகிடுவென்று இறங்கலாம். மாத்திரையைப் போட்டுவிட்டு, களி சாப்பிடாமல் தோப்புக்குக் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் சுகர் 70-க்குக் கீழே போய்விட்டதென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மாத்திரை மணிக்கணக்கில் வேலை செய்யும், திரும்ப இறக்கிவிடும். நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. வயதானவர்களுக்குச் சில சமயம் குழப்பம் மட்டும்தான் தெரியும். குடித்திருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்களே விட்டுவிடுவது உண்டு.

அதனால் அட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். திட்டுவார், திட்டட்டும். எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்று அவர் சொல்லட்டும்.

இன்சுலின் பேச்சு இப்போது வேண்டாம். மாத்திரை உள்ளே போகாமலே அது தோற்றதாக எப்படிச் சொல்வது? வெறும் வயிற்றில் 124, ஆனால் ஹெச்பிஏ1சி 10.1 என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே! செக்கப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் முதல் எண்ணை ஏமாற்றிவிடலாம். இரண்டாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சுகரின் கணக்கு, அது மசியாது. இந்த இரண்டும் இவ்வளவு முரண்டுபிடித்தால் நான் முதலில் கேட்பது, வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் என்றுதான்.

அரசு மாத்திரையா? வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். டப்பாவில் கிடந்த மாத்திரைக்குப் பவர் எங்கிருந்து வரும்?

சுகருக்கான இன்னொரு மாத்திரையான மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. ஏற்கெனவே கிட்னி பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைப்போம், சிலருக்கு நிறுத்துவோம். அதைப் பாதி கேட்டவர்கள்தான் வீடியோ போடுகிறார்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள். கட்டுக்குள் வராத சுகர்தான் கிட்னியைத் தின்னும்.

ஆனால் எனக்கு இந்தக் கிட்னி கதையிலேயே சந்தேகம். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மாந்தோப்பில் நாள் முழுக்க நிற்கிற மனிதர், மகளிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வீடியோவைச் சாக்குச் சொல்லலாம். "ஏன் சாப்பிடல" என்று அதட்டாமல், "மாத்திரை போட்டா வயிறு என்னப்பா பண்ணுது?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு போடச் சொல்வார், இல்லாவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தருவார்.