மேல்மாடி மரத்தளம் உக்கிவிட்டது, பாஸ் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியின் பின்பக்கம், நிலத்திலிருந்து பதினோரு அடி உயரத்தில் மரத்தில் ஒரு டெக் போட்டோம். மைத்துனர் கூட்டிவந்த தச்சு பாஸ் 2021 ஆகஸ்டில் வேலையை முடித்து ஒன்பது இலட்சம் வாங்கினார். ஒன்றும் எழுதவில்லை. போன மாரியில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தால், சுவரோடு போல்ட் போட்ட கட்டையும் அதில் உட்கார்ந்திருக்கும் பீம்களின் நுனிகளும் உக்கிக் கிடக்கின்றன. ஸ்குரூடிரைவர் பிடிவரை இறங்குகிறது. ஆறு மாதமாக "செய்து தாறன் அக்கா" என்று வொய்ஸ் அனுப்புகிறார். இப்போது பக்கத்தில் புதுக்கட்டை அடித்துப் பலகை மாற்ற ஒன்றரை இலட்சம் கேட்கிறார். மைத்துனரிடம் என்னைப் பற்றித் தரக்குறைவாகவும் பேசியிருக்கிறார். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அவரைச் சும்மா விடக் கூடாது.

பதில்: அவர் மைத்துனரிடம் என்ன பேசினார் என்பதை விடுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்கு வேண்டியிருந்தவை இரண்டே விஷயங்கள்: 2021 ஆகஸ்ட், அப்புறம் "எழுதவில்லை".

1871-ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி வழக்குப் போட எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுதியதற்கு ஆறு. கணக்கு தொடங்குவது ஒப்பந்தம் மீறப்பட்ட நாளில், உங்களுக்குக் குறை தெரியவந்த நாளில் அல்ல. 2024 ஆகஸ்டோடு உங்கள் மூன்று வருடம் முடிந்தது. வேறு விதமாக வாதாடிப் பார்க்கலாம்தான், ஆனால் அதை நம்பி வழக்குச் செலவில் இறங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வொய்ஸ்களும் கைகொடுக்காது. போன காலத்தை மீட்க, கடன்பட்டவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. "தாறன்" என்ற ஒரு சொல்லை நம்பி வருடங்களைக் கோட்டைவிட்டவர்கள் என் அலுவலகத்துக்கு மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

என் கவலை பாஸ் அல்ல, நீங்கள்தான். மரம் உக்கியது உங்களுக்கு ஆறு மாதமாகத் தெரியும். அதற்குச் சாட்சி உங்கள் தொலைபேசியிலேயே இருக்கிறது. தெரிந்த பிறகும் ஆட்கள் அதில் நிற்க விட்டால் நம்முடைய ரோமன் டச்சுச் சட்டத்தில் அது கவனயீனம். மருத்துவச் செலவு, இழந்த வருமானம், பட்ட வேதனை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். யாராவது இறந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298-ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து வருடம்வரை மறியல். "விபத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல" என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். பிறந்தநாளுக்கு வந்த விருந்தாளி அதில் கையெழுத்து வைக்கவில்லையே.

அந்த ஒன்றரை இலட்ச யோசனை இதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர், உக்கிய வெளிப்படிக்கட்டின் மேல் புதுப்பலகை அடித்து வார்னிஷும் பூசினார். விழுந்தது வாடகைக்காரர் அல்ல, காஸ் சிலிண்டர் தூக்கிவந்த பையன். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி: "பலகை மாற்றும்போது கீழே பார்த்தீர்களா?" பார்த்தேன் என்றால் தெரிந்தே மூடினார். பார்க்கவில்லை என்றால் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. இரண்டு பதிலிலும் அவர் மாட்டிக்கொண்டார்.

நான் தச்சன் அல்ல. ஆனாலும் பொறியியலாளர் அறிக்கைகள் நிறைய வாசித்திருக்கிறேன். சுவருக்கும் கட்டைக்கும் நடுவே தண்ணீர் தேங்கினால் பாரம் உட்காரும் நுனிதான் முதலில் போகும். சுவர்க்கட்டையே உக்கியிருக்கும்போது பக்கத்தில் அடிக்கும் புதுக்கட்டை எதில் உட்காரும்? கடற்காற்றில் சாதாரண போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இன்றைக்கே டெக் கதவைப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு எழுத்தில் அறிவித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். துணி காயப்போட வேறிடம் கொடுங்கள், வாடகையில் கொஞ்சம் குறைக்கவும் தயாராக இருங்கள். டெக்குக்குக் கீழே யாரும் நடமாடாதபடியும் மறித்துவிடுங்கள்.

பாஸோடு சமாதானமாகப் போங்கள். கசக்கும், தெரியும். மரமும் போல்ட்டும் உங்கள் செலவு, கூலி அவருடையது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கூலிக்கு இறங்கினாலும் பிடித்துக்கொள்ளுங்கள், வழக்கில் அதுகூடக் கிடைக்காது. ஆனால் இந்த முறை எழுதுங்கள்: சுவர்க்கட்டையும் உக்கிய பீம்களும் முழுதாக மாற்றப்படும், பலகை மூடுமுன் பொறியியலாளர் பார்ப்பார், அவர் கடிதம் தந்த பிறகே கடைசித் தவணை. இருவரும் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தம், அதை அவர் மீறினால் உங்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவர் நீட்டும் துண்டில் மட்டும் பொறியியலாளரின் கடிதம் வருமுன் கை வைக்காதீர்கள். சாட்சிக்கு மைத்துனரையே கூப்பிடுங்கள், கூட்டிவந்தவர் அவர்தானே.